மேடையில் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்: ஆர்கெஸ்ட்ராவுக்குப் புதிதாக வரும் கிட்டாரிஸ்ட்டுக்கு

வீட்டில் ஹெட்ஃபோனில் பிரமாதமாகக் கேட்ட சத்தம், மேடை ஏறியதும் காணாமல் போய்விடுகிறது. கீபோர்டும் ட்ரம்ஸும் சேர்ந்துகொண்டால் கிட்டார் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. அடுத்த பாட்டுக்கு லீட் பேட்சை, அதாவது தனி வாசிப்புக்கென்று சேமித்துவைத்த சத்த அமைப்பை, மிதித்தால், முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். சத்தத்தை மாற்றும் பல எஃபெக்ட்டுகளை ஒரே பெட்டியில் வைத்துக் காலால் இயக்கும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடலோடு முதன்முதலில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கப் போகிற பலருக்கும் இதுதான் நடக்கிறது. உடனே கருவி மட்டம் என்று முடிவுகட்டி, விலை கூடிய இன்னொன்றைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் கருவியில் குறை இருப்பதில்லை. வீட்டுக்காக அமைத்த சத்தத்தை அப்படியே மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் கோளாறு.

நம்மூர் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டாரிஸ்ட்டுக்கு ஆம்ப் (கிட்டாருக்கென்றே உள்ள தனி ஒலிபெருக்கி) கிடைப்பது அபூர்வம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என எங்கே போனாலும் ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு பெடல், அங்கிருந்து நேராக மிக்ஸர். மூன்று மணி நேரத்துக்குள் எழுபதுகளின் டிஸ்கோ பாட்டுக்கு 'வா' (wah) எஃபெக்ட், எண்பதுகளின் மெலடிக்கு கோரஸ் எஃபெக்ட் போட்ட ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களைத் தனித்தனியாக மீட்டுவது), அதற்குப் பின் வந்த குத்துப் பாட்டுக்கு டிஸ்டார்ஷன் என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலைக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை. ஆனால் அதற்குத் தேவை நூறு பேட்ச் அல்ல. நன்றாகச் சமப்படுத்திய ஐந்தாறு சத்தம் போதும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஐந்தாறைச் சரியாக அமைப்பதற்குத்தான்.

கருவி வாங்கும்போது

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், உள்ளே எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கு எந்தச் சின்னக் கருவியிலும் தேவைக்கு மேல் இருக்கிறது. காலால் மிதிக்கும் சுவிட்ச் எத்தனை, அவற்றுக்கு நடுவே பாதம் வைக்க இடம் இருக்கிறதா, பாதத்தால் முன்னும் பின்னும் அசைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் கூடவே வருகிறதா, ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்யும் கேப் சிமுலேஷனைத் தனியாக அணைக்க முடியுமா, எல்லாப் பேட்சுக்கும் பொதுவாக அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குளோபல் ஈக்யூ உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் போன்றவை சின்ன உருவம், எக்ஸ்பிரஷன் பெடலோடு வருபவை. இரண்டும் நான்கு டபுள் ஏ பேட்டரியிலும் ஓடும். அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது ஜெனரேட்டரை நம்பி நடக்கும் கச்சேரியில் புரியும். லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பின் சத்தம் இவற்றைவிடப் பல படி மேல்தான். ஆனால் அதில் மூன்றே சுவிட்ச், எக்ஸ்பிரஷன் பெடலைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். மெனுவுக்குள் போய்த் தேடுவது பிடிக்காதவர்களுக்கு பாஸ் எம்இ-80 மாதிரி, எல்லாவற்றுக்கும் நேரடித் திருகுகள் உள்ள கருவி ஒத்துவரும்.

கடையில் ஷூ போட்டு ஒருமுறை, வெறுங்காலால் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். கோயில் வளாகத்துக்குள் போட்ட மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஷூவில் சுலபமாக விழும் எக்ஸ்பிரஷன் பெடலின் முனை சுவிட்ச், வெறும் விரலுக்குச் சில சமயம் மசியாது. பல கருவிகளில் பெடல் கேலிப்ரேஷன் என்று ஒரு வசதி இருக்கும். வெறுங்காலுக்கு ஏற்றபடி அதை ஒருமுறை சரிசெய்துகொள்ளலாம்.

முதல் வேலை அவுட்புட் செட்டிங்

பெட்டியைப் பிரித்ததும் பேட்சுகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கத்தான் ஆசை வரும். அதற்கு முன்னால் சிஸ்டம் மெனுவுக்குள் போய், அவுட்புட் எங்கே போகிறது என்று கருவிக்குச் சொல்லுங்கள். பாஸ் ஜிடி-1-இல் இதற்கு அவுட்புட் செலக்ட் என்று பெயர். மிக்ஸருக்குப் போவதென்றால் லைன்/ஃபோன்ஸ். ரோலண்ட் ஜேசி-120 மாதிரி ஆம்புக்குப் போவதென்றால் அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. மற்ற கருவிகளில் வேறு பெயரில் இருக்கும், அல்லது கேப் சிமுலேஷனை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சாக இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் வெளியே விடுவதில்லை. செலஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 என்ற பேர்போன 12 அங்குல ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லை 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், ஸ்பீக்கரே அதை வடிகட்டிவிடுகிறது. மேடையில் இருக்கும் பிஏ ஸ்பீக்கரில் உச்ச ஒலிக்கென்று ஹார்ன் இருக்கிறது. அது எதையும் வடிகட்டாது. கேப் சிமுலேஷன் இல்லாமல் டிஸ்டார்ஷனை மிக்ஸருக்குள் விட்டால், காதருகே தேனீ மொய்க்கிற மாதிரி ஒரு ரீங்காரம்தான் வெளியே வரும். ஆகவே மிக்ஸருக்கு என்றால் கேப் ஆன். ஆம்புக்கு என்றால் கேப் ஆஃப், இல்லாவிட்டால் இரண்டு முறை வடிகட்டப்பட்டுப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடும்.

இன்னொன்று, மோனோ. பெரும்பாலான மேடைகளில் கிட்டாருக்கு மிக்ஸரில் ஒரே ஒரு சேனல்தான் தருவார்கள். எல்/மோனோ என்று எழுதியிருக்கும் துளையில் மட்டும் செருகினால், இரண்டு பக்கத்தையும் கருவியே சேர்த்து அனுப்பும். இடமும் வலமும் மாறி மாறி ஓடும் டிலே, ஹெட்ஃபோனில் பறக்கிற ஸ்டீரியோ கோரஸ் எல்லாம் மோனோவில் சுருங்கிப்போகும். ஆகவே பேட்ச் அமைக்கும்போதே மோனோவில் கேட்டு அமையுங்கள்.

வெற்றுப் பேட்சிலிருந்து ஆரம்பியுங்கள்

கருவியோடு வரும் பேட்சுகள் கடையில் வாங்க வருபவரை அசத்துவதற்காகச் செய்தவை. ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாம் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். தனியாகக் கேட்டால் சொர்க்கம்தான், பத்துப் பேர் வாசிக்கும்போது அவ்வளவும் சேறாகிவிடும். எல்லாவற்றையும் அணைத்த ஒரு காலிப் பேட்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃபெக்ட்டுகளின் வரிசை இப்படி இருந்தால் பெரும்பாலான பாட்டுகளுக்குச் சரியாக வரும்: வா, கம்ப்ரசர், ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், ஆம்ப், நாய்ஸ் கேட், கேப், ஈக்யூ, பிறகு கோரஸ், டிலே, கடைசியில் ரிவெர்ப். டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கரகரத்துக் குழம்பும். இந்தக் காரணம் புரிந்தால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் கிளீன் சத்தம். மிதமான கெயின் கொண்ட ஒரு கிளீன் ஆம்ப் மாடலைப் போட்டு, பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். பிறகு ஈக்யூவில் லோ கட் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம். கிட்டாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் அடியைக் கொஞ்சம் வெட்டுகிறோமே என்று தயங்க வேண்டாம். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் ட்ரம்முக்கும் சொந்தம். தனியாகக் கேட்கும்போது கிட்டார் கொஞ்சம் மெலிந்த மாதிரிதான் தோன்றும், குழுவோடு சேர்ந்ததும் பாட்டுக்கு நடுவே தெளிவாக உட்கார்ந்துகொள்ளும். கம்ப்ரசர் லேசாக, ரிவெர்ப் இருந்தும் இல்லாததுபோல.

இந்தக் கிளீன் பேட்சை ஒழுங்காக முடித்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் நகல்தான். காப்பி எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுங்கள்.

எந்த ஆறு சத்தம்

பாட்டுக்கு ஒரு பேட்ச் என்று அமைக்கவே அமைக்காதீர்கள். நேயர் விருப்பச் சீட்டு வந்தால், பாடகருக்குத் தொண்டை கட்டினால், விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி ஒரு பாட்டுக் கேட்டால் வரிசை அங்கேயே மாறிவிடும். அப்போது குனிந்து நாற்பத்தேழாம் நம்பர் பேட்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சத்தத்தின் வகைப்படி அடுக்குங்கள்.

என் அடுக்கு இது. ஒன்று, வெறும் கிளீன், கார்டு வாசிக்க. இரண்டு, கிளீனோடு கோரஸும் மெல்லிய டிலேயும். எண்பதுகளின் மெலடிகளுக்கு, ஆர்பெஜியோவுக்கு. மூன்று, வா, எக்ஸ்பிரஷன் பெடலில் கால் வைத்தபடி பதினாறாம் மாத்திரை வெட்டு. நான்கு, கிரஞ்ச், லேசாக உடைகிற சத்தம். ஐந்து, பவர் கார்டுக்கான டிஸ்டார்ஷன். ஆறு, லீட், டிஸ்டார்ஷனோடு டிலேயும் கொஞ்சம் கூடுதல் மிடிலும்.

அக்கூஸ்டிக் சிமுலேஷன் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். காந்தப் பிக்கப்பிலிருந்து வரும் ஒலியை அக்கூஸ்டிக் கிட்டார் ஆக்குவது முழுதாகக் கைகூடுவதில்லை. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டு, கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி, கிளீன் பேட்சில் மிடிலைக் குறைத்து வாசித்தால் கார்டுக்குச் சமாளிக்கலாம். நைலான் தந்தி கிட்டாரிலேயே தொடங்கி அதிலேயே முடிகிற பாட்டு பட்டியலில் இருந்தால், சிமுலேஷனை நம்பாமல் செமி அக்கூஸ்டிக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

டிலேயின் நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு பொருத்த வேண்டும். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று வந்துவிடும். டெம்போ 120 என்றால் 500 மில்லி செகண்ட். அதில் முக்கால் பங்கு, அதாவது 375, வைத்தால் எதிரொலி தாளத்துக்கு நடுநடுவே விழுந்து அழகாக ஓடும். மேடையில் டெம்போ எப்போதும் அப்படியே நிற்காது. டேப் டெம்போவை ஒரு சுவிட்சில் வைத்துக்கொண்டு, ட்ரம்மர் கவுண்ட் கொடுக்கும்போதே காலால் தட்டிவிடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் டிலேயின் அளவைக் குறைத்துவிடலாம். பொருந்தாத டிலே உரக்கக் கேட்டால் தாளமே தப்புவதுபோல இருக்கும்.

சத்த அளவைச் சமப்படுத்துவது

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், மொத்தமாகத் தவிர்த்துவிடுவதும் இதைத்தான். இதற்கென்று ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் சரியாகக் கேட்பதில்லை, நடு ஒலிதான் கேட்கிறது. சத்தம் ஏற ஏற அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். வீட்டில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் மெதுவாக வைத்து வாசிக்கிறீர்கள். சப்பென்று இருப்பதாகத் தோன்றி, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிடிலைக் குறைக்கிறீர்கள். அதே பேட்ச் மேடையின் சத்தத்தில் ஒலிக்கும்போது அடியில் குமுறுகிறது, உச்சியில் குத்துகிறது. கிட்டாருக்கு உயிரான மிடிலோ இல்லவே இல்லை. வீட்டுச் சத்தம் மேடையில் காணாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆகவே பேட்சுகளை நல்ல உரத்த சத்தத்தில், ஸ்பீக்கரில், நின்றுகொண்டு அமைக்க வேண்டும். குழுவின் ரிகர்சலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் அங்குள்ள ஸ்பீக்கரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு வழியில்லை என்றால் பகல் நேரத்தில் வீட்டிலேயே ஒரு பவர்டு ஸ்பீக்கரில்.

முறை இதுதான். கிளீன் கார்டு பேட்சை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டை ஒரே அழுத்தத்தில் அடித்து, அடுத்த பேட்சுக்குப் போய் அதையே அடித்து, இரண்டும் காதுக்குச் சமமாகும்வரை பேட்ச் லெவலை மட்டும் ஏற்றி இறக்குங்கள். கெயினைத் தொடாதீர்கள். கெயின் கரகரப்பின் அளவு, லெவல் வெளியே வரும் சத்தத்தின் அளவு; இரண்டையும் குழப்பிக்கொண்டால் கடைசிவரை சரியாகாது. கைப்பேசியில் டெசிபல் மீட்டர் செயலி போட்டு ஓரிடத்தில் வைத்துவிடலாம். அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் இரண்டு பேட்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். லூப்பரைச் சங்கிலியின் தொடக்கத்தில் வைக்க வசதியுள்ள கருவியாக இருந்தால் இன்னும் சுலபம். நாலு ஆவர்த்தம் வாசித்துப் பதிந்து ஓடவிட்டு, இரண்டு கையும் சும்மா இருக்க, தூரத்தில் நின்று கேட்டபடி திருகலாம்.

சமமாகிவிட்டதா? இப்போது அதே ஸ்பீக்கரில் ஒரு மைனஸ் ஒன் ட்ராக்கை உரக்க ஓடவிட்டுக் கூடவே வாசியுங்கள். மீட்டரில் சமமாக இருந்த டிஸ்டார்ஷன் பேட்ச் ட்ராக்குக்குள் அமுங்கிப்போவது தெரியும். கிளீன் சத்தத்தில் ஒவ்வொரு மீட்டும் துள்ளி எழுந்து அடங்குகிறது. டிஸ்டார்ஷன் அந்தத் துள்ளலை வெட்டித் தட்டையாக்கிவிடுகிறது. தனியாகக் கேட்டால் உரக்க இருப்பதுபோல ஏமாற்றும், கூட்டத்தில் தலை தெரியாது. இதற்கு மருந்து கெயினைக் குறைப்பது. வீட்டில் பிடித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். கூடவே 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மிடிலைச் சற்று ஏற்றுங்கள். லீட் பேட்ச் மட்டும் மற்றவற்றைவிட 3 டெசிபல் அதிகம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் சவுண்ட்காரர் உங்கள் ஃபேடரைக் கீழே இழுத்துவிடுவார். சரணத்தில் கார்டுக்குத் திரும்பும்போது நீங்கள் யாருக்குமே கேட்க மாட்டீர்கள்.

நாய்ஸ் கேட்டை டிஸ்டார்ஷன் பேட்சுகளில் மட்டும் போட்டால் போதும். தந்தியில் கை வைக்காமல் இருக்கும்போது இரைச்சல் அடங்கும் அளவுக்கு த்ரெஷோல்டை ஏற்றி, பிறகு ஒரு நீண்ட சுரத்தை இழுத்து, அது பாதியில் அறுபடாமல் தேய்கிறதா என்று கேளுங்கள்.

காலைப் பழக்குவது

பேட்ச் மாற்றும்போது சில கருவிகளில் கண்ணிமைக்கும் நேரம் சத்தம் அறுந்து வரும். ஓடிக்கொண்டிருக்கும் டிலேயும் சட்டென்று வெட்டுப்படும். இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒரே பேட்சுக்குள் இருந்துகொண்டு எஃபெக்ட்டை மட்டும் ஆன், ஆஃப் செய்வது ஒன்று. கிளீனுக்கும் கோரஸுக்கும் இடையே, டிஸ்டார்ஷனுக்கும் லீடுக்கும் இடையே இது போதும். ஹெச்எக்ஸ் வரிசைக் கருவிகளில் உள்ள ஸ்னாப்ஷாட் இன்னொன்று. ஒரே பேட்சுக்குள் பல எஃபெக்ட்டுகளின் நிலையை ஒரே மிதியில் அது மாற்றித் தரும்.

அடுத்தடுத்து மிதிக்க வேண்டியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பல்லவியில் கோரஸ், இடையிசையில் லீட், உடனே சரணத்துக்கு மறுபடி கோரஸ் என்பது நம் பாட்டுகளில் அன்றாடம் வருவது. அந்த இரண்டுக்கும் நடுவில் நாலு பேட்ச் இருந்தால் மிதித்து மாளாது.

மெட்ரோனோமைப் போட்டு மாற்றத்தைப் பழகுங்கள். சமத்தில், அதாவது முதல் அடியிலேயே, மிதித்தால் அது தாமதம்தான். ஆவர்த்தத்தின் கடைசி அரை மாத்திரையில் கால் விழுந்தால், முதல் அடியில் புதுச் சத்தம் தயாராக இருக்கும். அந்த அரை மாத்திரையில் கை எதையும் வாசிக்காமல் தந்தியை அடக்கிக்கொள்ளட்டும். எடையை மற்ற காலில் வைத்து நிற்பது தானாகவே பழகிவிடும்.

மேடைக்கு எடுத்துப்போக வேண்டியவை

கிட்டார் கேபிள் இரண்டு, 6 மீட்டருக்கு மேல் வேண்டாம். நீளம் கூடக் கூட ட்ரெபிள் மங்கும். பெடலிலிருந்து வெளியே போக இன்னொரு கேபிள். கருவியோடு வந்த அடாப்டர், பேட்டரியில் ஓடுவதென்றால் புதுப் பேட்டரி. சொந்தமாக ஒரு ஸ்பைக் கார்டு. டிஐ பாக்ஸ் ஒன்று. கறுப்பு டேப். ஒரு டெஸ்டர்.

அடாப்டரில் அவசரத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிவிடாதீர்கள். பாஸ், லைன் 6 போன்றவற்றுக்கு 9 வோல்ட்டில் நடுவில் மைனஸ் உள்ள அடாப்டர் வேண்டும். கீபோர்டு அடாப்டர்கள் பலவற்றில் நடுவில் பிளஸ். ஆம்பியரும் பார்க்க வேண்டும்: ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்புக்கு 3 ஆம்பியர் தேவை, சின்ன பெடலின் அடாப்டர் அதற்குத் தாங்காது.

டிஐ பாக்ஸ் எதற்கு? பெடலிலிருந்து சாதாரணக் கேபிளில் இருபது முப்பது மீட்டர் தள்ளியுள்ள மிக்ஸருக்குப் போனால் வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு போகும். டிஐ பாக்ஸ் அதை பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி, மைக் கேபிளிலேயே அனுப்புகிறது. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் அருமை கொஞ்சம் கீழே தெரியும்.

சவுண்ட் செக்

கேபிளைச் செருகுவதற்கு முன் மிக்ஸரில் இருப்பவரிடம் போய் நாலு வார்த்தை பேசுங்கள். "அண்ணே, ஆம்ப் இல்ல, பெடல்லருந்து டைரக்டா வர்றேன். ஈக்யூ ஃப்ளாட்டா வெச்சுக்கங்க. ரிவெர்ப், டிலே எல்லாம் நானே போட்டுக்கறேன். சோலோ வர்றப்ப கொஞ்சம் ஏறும், அதையும் வாசிச்சுக் காட்டிடறேன்." இந்த அரை நிமிடப் பேச்சு அவருக்கு எவ்வளவு உதவி என்பது, அன்று முழுக்க அவர் உங்களைக் கவனிக்கிற விதத்தில் தெரியும்.

பெடலின் மாஸ்டர் வால்யூமை முக்கால் பாகத்தில் வைத்து, அந்தத் திருகின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். முதலில் லீட் பேட்சை முழு வேகத்தில் வாசியுங்கள். அவர் கெயினை அதற்கு வைத்துக்கொள்வார். பிறகு கிளீன். இதைத் தலைகீழாகச் செய்தால், கிளீனுக்கு ஏற்றி வைத்த கெயினில் லீட் வந்து மோதி மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும்.

ஆம்ப் இல்லாததால் உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்பது மானிட்டர் வழியாக மட்டும்தான். "மானிட்டர்ல கிட்டார் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். பாட்டு தொடங்கிய பிறகு கை காட்டினால் அவருக்குத் தெரியாது. டிஜிட்டல் கருவியில் சத்தம் தாமதமாக வரும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் வேகத்தில் போகிறது. மானிட்டரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றாலே 9 மில்லி செகண்ட் ஆகிவிடும். இன்றைய பெடல்களின் தாமதம் அதைவிடக் குறைவு. மானிட்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் டிஸ்டார்ஷன் பேட்சில் பிக்கப்பை அதற்கு நேராகக் காட்டாதீர்கள், ஊளையிடும்.

இடத்துக்கு இடம் மாற்ற வேண்டியது பேட்சுகளை முழுதாக அல்ல, குளோபல் ஈக்யூவையும் ரிவெர்ப்பின் அளவையும்தான். கல்யாண மண்டபம் என்றால் தரையும் சுவரும் டைல்ஸ், மண்டபமே ரிவெர்ப் போடும். அங்கே அடி ஒலியை வெட்டி, ரிவெர்ப்பை ஏறக்குறைய அணைத்துவிடலாம். திறந்தவெளித் திடலில் சத்தம் போனது போனதுதான். அங்கே கொஞ்சம் ரிவெர்ப் கூட்டினால்தான் உயிர் வரும்.

இரைச்சல் வந்தால்

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 'ம்ம்ம்' என்ற அடிச் சத்தமாகத்தான் பெரும்பாலும் வரும். முதலில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது பிக்கப் வழியாக வருகிறது. நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் குறையும். சீரியல் செட் விளக்கும் டிம்மரும் உள்ள மேடையில் சிங்கிள் காயில் பிக்கப் இப்படித்தான் இரையும், ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் இரைச்சல் நிற்கவில்லையா? பெடலுக்கும் மிக்ஸருக்கும் நடுவில்தான் கோளாறு. பெடல் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் தூரத்தில் வேறொரு பிளக்கிலும் இருந்து, இரண்டு எர்த்தும் சேர்ந்து வளையமாகியிருக்கும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட்டைத் தட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். விளக்குக்குப் போகும் லைனை விட்டு, சவுண்ட்காரர் எடுக்கும் லைனிலேயே உங்கள் ஸ்பைக் கார்டையும் போட்டுக்கொள்வது எப்போதும் நல்லது.

எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். கிட்டாரின் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. எர்த் கோளாறான மேடையில் தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் உயிரே போகலாம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், வாசிக்கும் முன் டெஸ்டரை ஒருமுறை கிட்டாரின் பிரிட்ஜிலும் மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை கிட்டாரைத் தொட வேண்டாம். கச்சேரி தாமதமானால் ஆகட்டும்.

நிகழ்ச்சி நடக்கும்போதும், முடிந்த பிறகும்

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டியூனரை மிதியுங்கள். சுருதியும் பார்த்துக்கொள்ளலாம், அறிவிப்பாளர் பேசும்போது உங்கள் பக்கத்திலிருந்து இரைச்சலும் போகாது. அடாப்டர் வயரைப் பெடலுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டு வைத்திருந்தால், யாராவது கால் தடுக்கினாலும் பிடுங்கிக்கொண்டு வராது. நடுவில் பெடல் நின்றே போனால், கிட்டார் கேபிளை நேராக டிஐ பாக்ஸில் செருகிவிடுங்கள். வெறும் கிளீன் சத்தத்தில் கார்டு வாசித்து அந்தப் பாட்டை முடித்துவிடலாம்.

கழற்றும்போது, மிக்ஸரில் உங்கள் சேனலை மியூட் செய்தாகிவிட்டது என்று அவர் கை காட்டிய பிறகே கேபிளை உருவுங்கள். 'பட்'டென்று வெடிக்கும் சத்தம் ஸ்பீக்கருக்குக் கேடு.

அன்று மேடையில் எதையெல்லாம் கூட்டினீர்கள், குறைத்தீர்கள் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பேட்சுகளைக் கணினியில் பேக்கப் எடுங்கள். பாஸுக்கு டோன் ஸ்டூடியோ, ஜூமுக்குக் கிட்டார் லேப், ஹெச்எக்ஸுக்கு ஹெச்எக்ஸ் எடிட். ஃபர்ம்வேர் அப்டேட்டை நிகழ்ச்சி எதுவும் இல்லாத வாரத்தில் மட்டும் செய்யுங்கள். செய்து முடித்ததும் அவுட்புட் செட்டிங்கைச் சரிபார்த்து, ஆறு பேட்சையும் ஸ்பீக்கரில் உரக்க வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு.